கிலோமீட்டர் 31/4

முதல் நாள் மழை.
இரண்டாம் நாள் அட்டை.
மூன்றாம் நாள் பத்து மணிக்கு மேல் மேகம் விலக
ட்ரோனைப் பறக்கவிட்டோம்.
தாண்டிக்குடிக்குக் கீழே உள்ள மலை முழுக்க
மடிக்கணினித் திரையில்
இஸ்திரி போட்ட சட்டை மாதிரி
சுருக்கம் போய்க் கிடந்தது.

நாற்பதடி ஓடினால் ஓரடி ஏறலாம்.
அதற்கு மேல் ஏறினால் சக்கரம் வழுக்கும்.
வழுக்காமல் ஏற வளைத்து வளைத்துப் போடணும்.
வளைத்தால் நீளும்.
நீண்டால் செலவு.
செலவென்றால் கோப்பு தூங்கும்.
திண்டுக்கல்லில் கிளம்பும்போதே
ஸ்டீபன் சார் சொன்னது இது.
அப்புறம் ஏன் சார் போகிறோம் என்றேன்.
பட்ஜெட்டில் ஒரு வரி வந்துவிட்டதம்மா என்றார்.

அவர் அறைச் சுவரில் நாட்டு வரைபடம்.
ஒற்றைக் கோடெல்லாம் இரட்டையாகி,
குறுகியதெல்லாம் அகலமாகி,
மின்சாரம் ஏறியதெல்லாம் சிவப்பாகி,
பழனி மலைப் பக்கம் மட்டும்
பென்சிலில் ஒரு புள்ளிக்கோடு,
ரப்பர் பட்ட அழுக்கோடு.

"நீங்க நாலாவது" என்றார்
காப்பித் தோட்டத்துக் கங்காணி சவுரிமுத்து,
பெண் பார்க்க வந்தவர்களை எண்ணுகிற குரலில்.
முன்னால் வந்தவர்களும்
இதே மேட்டில்தான் நின்றார்களாம்,
பலாச்சுளை தின்றார்களாம்,
ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம் என்றார்களாம்.

அவர்கள் நட்ட கற்களைத் தேடினோம்.
ஒன்று ஆட்டுக் கொட்டிலுக்குப் படி.
ஒன்று அரிவாள் தீட்டித் தீட்டி நடுவில் குழிந்து,
ரயில்வேயில் ரயில் தேய்ந்து
'வே' மட்டும் மிச்சம்.
மூன்றாவது கல்லுக்கு வக்கீல் இருந்தார்.

அந்தக் கல்லுக்கு மேற்கே குழந்தைவேலு,
கிழக்கே மச்சக்காளை.
ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.
இரண்டாம் ஆய்வு வந்த வருஷம் பாகம் பிரித்தபோது
மூன்று ஏக்கர் ஆரஞ்சைத் தம்பிக்கு விட்டு
ரயில் போகப்போகும் முக்கால் ஏக்கர் சரளையை
அடம்பிடித்து வாங்கினான் அண்ணன்.
நஷ்ட ஈடு இவ்வளவு கிடைக்கும் என்று
யாரோ பஸ்ஸில் சொன்னார்களாம்.
மூன்றாம் ஆய்வு
கோட்டை இருபது மீட்டர் கிழக்கே தள்ளியது.
வராத ரயில்
தம்பி தோட்டத்துக்குள் திரும்பிவிட்டது.
ஏமாற்றிவிட்டான் என்று கோர்ட்டுக்குப் போனான் அண்ணன்.
பதினோரு வருஷம்.
தண்டவாளத்துக்கு ஓர் ஆணி வந்து சேரவில்லை,
வாய்தாவுக்குக் குறைவில்லை.

என் திரையில் இப்போது இரண்டு வளைவு.
இரண்டுக்கும் சாய்வு சரி, ஆரம் சரி,
பாறை வெட்டுக் கணக்கில்
அரை லாரி வித்தியாசம்.
ஒன்று மேற்கே போகும், ஒன்று கிழக்கே.
விசைப்பலகை மேல் விரலை வைத்துக்கொண்டு
உட்கார்ந்திருந்தேன்.

மச்சக்காளை பெண்சாதி அமிர்தகனி
கடுங்காப்பி கொண்டுவந்தாள்.
இந்த மூன்று நாளில்
எப்போ வரும் என்று கேட்காத ஒரே ஆள்.
டம்ளரை நீட்டியபடி
திரையைப் பார்க்காமல்
"எந்தப் பக்கம்?" என்றாள்.
நான் வாயெடுப்பதற்குள்
"சொல்லாதீங்க.
மூத்தார் மகளுக்கு வெள்ளிக்கிழமை நிச்சயம்.
அதுவரைக்கும் பேசிக்கிட்டு இருக்கோம்."

இரண்டையும் சேமித்தேன்.
மாற்று ஒன்று, மாற்று இரண்டு.
ரெண்டா என்று ஸ்டீபன் சார் புருவம் தூக்கினார்.
தேதி போடும் கட்டத்தில்
சனிக்கிழமையை அடித்தேன்.
அன்று புதன்.

சாயங்காலம் கொடைக்கானல் ரோடு ஸ்டேஷன்.
தலைக்கு மேல் மின்கம்பி, புது நடைமேடை.
இங்கே நிற்காத வண்டி ஒன்று
காற்றை அறைந்துவிட்டுப் போனது.
அட்டை கடித்த கணுக்கால்
காலுறைக்குள் இன்னும் கசிந்தது.
வடக்கேயிருந்து வந்த ஒரு குடும்பம்,
ஐந்து பேருக்கும் ஸ்வெட்டர், ஐந்து பேருக்கும் வேர்வை,
மலை எங்கே என்று கையால் கேட்டார்கள்.

காட்டினேன்.
நாற்பதுக்கு ஒன்றைவிட
ரொம்பச் செங்குத்தாக இருந்தது
என் கை.