பன்னிரண்டு நிமிடங்களுக்கான வவுச்சர்

மார்ச் இருபத்தெட்டு. சாஸ்திரி பவனில்
குழல்விளக்குகள்கூட ஓவர்டைம் பார்க்கின்றன.
முப்பத்தொன்றுக்குள் செலவாகாத பணம்
திரும்பிப் போய்விடும்.
எங்கே போகும் என்று என்னைக் கேட்காதீர்கள்,
பதினாறு வருடமாய் நானும் கேட்டதில்லை.

மேசைக்கு வந்த பைல்:
சீலம்பூர் நாடகக் குழு, நெறியாளர் சபீஹா அன்வர்.
நாடகத்தின் பெயர் 'கசிவு'.
இரண்டாம் தவணை ஒரு லட்சத்து எண்பதாயிரம்.
முதல் காட்சியின் வீடியோவைப் பார்த்துவிட்டு
தணிக்கைப் பிரிவு பச்சை மையில் எழுதியிருக்கிறது:
"நான்காம் காட்சியில் பன்னிரண்டு நிமிடம்
ஆறு நடிகர்களும் பேசவில்லை, அசையவில்லை.
அந்த நேரத்துக்கு மதிப்பூதியம் தரத்தக்கதா?
விதி காட்டி விளக்குக."

விதியைத் தேடினேன்.
ஆடினால் உண்டு. பாடினால் உண்டு.
பொம்மையை ஆட்டுகிறவருக்கும் உண்டு.
ஒலிபெருக்கி வாடகை, உச்சவரம்புடன்.
தேநீர், தலைக்கு இரண்டு.
சும்மா இருப்பதற்கு இல்லை.
சும்மா இருப்பதே சுகம் என்று சொல்லும் மொழிக்காரி நான்;
அதை இந்தியில் நோட்டிங்காக எழுத
எனக்கு வரவில்லை.

"பேசாத நேரத்தை வெட்டிடுங்க மேடம்,
கணக்கு சுலபம்" என்றார் பக்கத்து மேசை தல்பீர்.
சுலபம்தான்.
தொண்ணூறு நிமிடத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு என்றால்
பன்னிரண்டுக்கு இருநூறு.
ஆறு பேர், ஐந்து காட்சி: ஆறாயிரம்.
ஆறாயிரத்தின் முதுகுக்குப் பின்னால்
ஒரு லட்சத்து எண்பதாயிரம் வரிசையில் நிற்கிறது.

போன மாதம் ஒரு விழா மேடைக்கு
செவ்வந்திப்பூ மட்டும் மூன்று லட்சம்.
ஒரே நாளில் பாஸ்.
பூ என்ன பேசியது என்று
தணிக்கை கேட்கவில்லை.
நானும் கேட்கவில்லை; அந்தப் பக்கத்தில் இருக்கும் இனிஷியல்
என்னுடையது.

சபீஹா போனில் கெஞ்சவில்லை.
"அந்தப் பன்னிரண்டு நிமிடத்துக்குத்தான் மேடம்
நாற்பது நாள் ஒத்திகை.
எங்கள் ஃபர்ஹானுக்கு மகரந்த அலர்ஜி.
மார்ச் மாதத் தில்லியில்
தும்மாமல் நின்று பாருங்கள்."
சிரித்துவிட்டேன்.
பைலில் அது பதிவாகவில்லை.

மறுநாள் இரவு மண்டி ஹவுசில் இறங்கினேன்.
டிக்கெட் நூற்றைம்பது, என் பணம்.
கடைசிக் காட்சி. பாதி நாற்காலிகள் காலி,
ஏசி மட்டும் முழுமையாக நிறைந்திருந்தது.
நான்காம் காட்சி வந்தது:
ஒரு வாளி, மேலிருந்து சொட்டு,
சுற்றி ஆறு பேர்.

பழக்கதோஷம், எண்ணினேன்.
நூற்று நாற்பத்தொரு சொட்டு வரை
பிசகவில்லை.
பிறகு எங்கோ எண்ணிக்கை கைநழுவிப் போயிற்று,
போனது தெரியாமலே.
எந்த நிமிடத்தில் என்பதுதான்
இப்போதும் குறிப்பில் எழுத முடியாமல் இருக்கிறது.
இடமிருந்து மூன்றாமவனுக்குக் கண் சிவந்து
மூக்கு நுனி ஒருமுறை துடித்தது.
அவன்தான் ஃபர்ஹானாக இருக்க வேண்டும்.
தும்மவில்லை.

முப்பதாம் தேதி காலை எழுதினேன்:
"நேரில் சரிபார்க்கப்பட்டது.
குறிப்பிட்ட பன்னிரண்டு நிமிடமும்
ஆறு பேரும் பணியில் இருந்தார்கள்."
டிக்கெட்டைப் பக்கம் நாற்பத்தேழில் குத்தினேன்.
மாலைக்குள் பைல் திரும்பியது:
"டிக்கெட்டில் ஜிஎஸ்டி எண் இல்லை."
பிறகு ஒரு திருத்தம், ஒரு கையெழுத்து,
இன்னொரு மாடி, இன்னொரு கையெழுத்து.

முப்பத்தொன்று, இரவு பதினொன்று நாற்பது.
கட்டளை போய்விட்டது. திரையில்
சின்ன வட்டம் ஒன்று
சுற்றுகிறது, சுற்றுகிறது.
நாங்கள் நான்கு பேர் சுற்றி நிற்கிறோம்.
யாரும் பேசவில்லை, அசையவில்லை.
இதற்கு எங்களுக்கு ஓவர்டைம் உண்டு.

தல்பீர் மட்டும்
தும்மினார்.