நூற்றைம்பது எழுத்துக்குள்

ஜனவரி. அயோவாவில் பனி
ஜன்னலின் பாதிவரை ஏறிவிட்டது.
நாளொன்றுக்கு நாற்பது விண்ணப்பம் வாசிக்கிறேன்.
ஆளுக்குப் பத்துக் கட்டம்,
கட்டத்துக்கு நூற்றைம்பது எழுத்து.
பதினேழு வயது அதற்குள் மடங்கிப் படுக்க வேண்டும்,
கால் வெளியே தெரியாமல்.

எல்லோரும் தலைவர்கள்.
விவாத மன்றத் தலைவர், ரோபோக் குழுத் தலைவர்,
தேனீக்களைக் காப்போம் கழகத்தின்
நிறுவனர் மற்றும் தலைவர்.
இந்த நாட்டில்
தொண்டர் என்று ஒரு பிள்ளைகூட மிச்சமில்லை.

ஒருத்தியின் மணிகளைக் கூட்டிப் பார்த்தேன்.
நீச்சல் இருபது, வயலின் பதினெட்டு,
முதியோர் இல்லம், மாதிரி நாடாளுமன்றம்,
பள்ளிக்கூடம், தூக்கம் எல்லாம் சேர்த்து
வாரத்துக்கு நூற்று எண்பத்தொன்று.
கடவுள் கொடுத்ததோ நூற்று அறுபத்தெட்டு.
கணக்கு உதைத்தது.
ஆனாலும் அவள் பொய் சொன்னதாகத் தோன்றவில்லை.
காரின் பின்சீட்டில்
ஒரே மணியை இரண்டு தடவை வாழ்ந்திருப்பாள்.

அதற்கு அடுத்த கோப்பு
மார்லிஸ் ஹ்ரூஸ்கா, நெப்ராஸ்கா.
ஒன்பது கட்டம் காலி.
முதல் கட்டத்தில்:
'சரக்கு ரயில் பெட்டிகளை எண்ணுவது, தம்பியுடன்.
அவன் பேசமாட்டான். நூறு வந்தால் கை தட்டுவான்.
இதுவரை அதிகபட்சம் இருநூற்றுப் பதினான்கு.'
வகித்த பதவி: இல்லை.
வாரத்துக்கு ஏழு மணி.
வருடத்துக்கு எத்தனை வாரம் என்ற இடத்தில்
ஐம்பத்திரண்டு.

மற்றவர்கள் முப்பது போடுவார்கள், முப்பத்தாறு.
பள்ளி மூடினால் தேனீக்களுக்கும் விடுமுறை.
எழுந்து போய்க் காப்பி போட்டு
குடிக்காமலே திரும்பி வந்தேன்.

குழு கூடியது.
கான்ஸ்டன்ஸ் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டாள்:
இதனால் சமூகத்துக்கு என்ன விளைவு?
தம்பி கை தட்டுகிறான், என்றேன்.
யாரும் குறித்துக்கொள்ளவில்லை.
நானும் அதற்குமேல் வாதாடவில்லை.
அன்றைக்கு இன்னும் முப்பத்தொரு பேர் பாக்கி,
சாப்பாடு வேறு வந்து ஆறிக்கொண்டிருந்தது.

எம்மெட் வ்ரோபெலுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.
பஸூன், ஒன்பது வருடம்.
எங்கள் இசைக்குழுவில்
அந்த ஆளுயரக் குழலை ஊதுகிறவன்
மே மாதம் பட்டம் வாங்கிப் போகிறான்.
ஒரு நாற்காலி காலி, ஒரு பையன் தயார்.
கட்டுரையின் கடைசி வரியை நான் மட்டும் வாசித்தேன்:
'அம்மாதான் தேர்ந்தெடுத்தார்.
அதை வாசிப்பவர்கள் குறைவு என்பதால்.'

மார்ச்சில் கடிதங்கள் போயின.
மார்லிஸுக்குக் காத்திருப்புப் பட்டியல்.
அது நீளமான பட்டியல்;
கைதட்ட அங்கே யாரும் இல்லை.

செப்டம்பரில் உணவுக்கூடத்தில் எம்மெட்டைப் பார்த்தேன்.
தட்டு நிறைய உருளைக்கிழங்கு.
இசைக்குழு எப்படிப் போகிறது என்று கேட்டேன்.
விற்றுவிட்டேன், என்றான்,
ஒரு சைக்கிள் வாங்கினேன்.
முகம் நன்றாகத் தூங்கி எழுந்த முகமாக இருந்தது.
கோபப்பட வேண்டும் என்று நினைத்தேன்.
வரவில்லை.
எந்தப் பக்கம் ஓட்டுவாய் என்று கேட்டேன்.
எந்தப் பக்கமும் இல்லை, சும்மா, என்றான்.
அதற்கு எங்கள் படிவத்தில் கட்டம் கிடையாது.

நவம்பரில் மேற்கே போனேன்,
டிக்கியில் நானூறு கையேடுகள்:
'உங்களை நீங்களாகவே காட்டுங்கள்.'
கெர்னிக்கு முன்னால் ரயில்வே கேட் விழுந்தது.
நிலக்கரி ஏற்றிய பெட்டிகள்,
ஒன்று போலவே இன்னொன்று.
இன்ஜினை அணைத்துவிட்டு எண்ண ஆரம்பித்தேன்.
உதடு அசைய, விரல் மடக்கி.
எண்பத்தேழில் அலுவலகத்திலிருந்து போன்.
எடுத்துப் பேசிவிட்டு நிமிர்ந்தபோது
எண்பத்தேழு எந்தப் பெட்டி என்று தெரியவில்லை.

கேட் மேலே போனது.
பின்னாலிருந்தவன் ஹாரன் அடித்தான்.