காற்று அயர்ந்த நேரம்

புன்டா அரீனாஸில் மரங்கள் நிமிர்ந்து நிற்பதில்லை.
எல்லாம் கிழக்கே சாய்ந்து
யாரோ கூப்பிட்டது போல நிற்கும்.
இந்த ஊரிலா ஹெலிகாப்டர் விடப்போகிறாய், என்றாள் மிரேயா.
பெட்டியை அப்போது இன்னும் பிரிக்கவில்லை.
பதில் சொல்லாமல் நாடாவை அறுத்தேன்.

நண்டுத் தொழிற்சாலையின்
குளிர்பதன இயந்திரங்களுக்கு நான் காவல்.
பன்னிரண்டு கிலோ வால்வைக் கழற்றி மாட்டுகிற விரல்கள்.
இரண்டு மில்லிமீட்டர் ஸ்க்ரூவைத் தவறவிட்டு
மேசைக்கடியில் மண்டியிட்டு டார்ச் அடித்ததில்
போன வருஷம் தொலைந்த காதணி கிடைத்தது.
ஸ்க்ரூ கிடைக்கவில்லை.

ஒவ்வொன்றுக்கும் ஊசிமுனையளவு நீலப் பசை.
அதிர்ந்து அதிர்ந்து
தன்னைத் தானே கழற்றிக்கொள்ளும் குணம் இதற்கு உண்டு
என்றது கையேடு.
எங்கள் தொழிற்சங்கம் நினைவுக்கு வந்தது.

இறக்கை இரண்டையும் சமையல் தராசில் வைத்தேன்.
ஒன்று அரை கிராம் இளைத்திருந்தது.
இளைத்ததற்கு ஒரு துணுக்கு ஒட்டுநாடா.
நிறுத்தேன், வெட்டினேன், மறுபடி நிறுத்தேன்.
நள்ளிரவு தாண்டித்தான் பார்த்தேன்:
கனத்ததன் அடியில்
நேற்றைய ரொட்டி மாவு.

பிறகு காத்திருந்தேன்.
பத்தொன்பது நாள்.
காற்று கூரைத் தகரத்தைத் தட்டியது,
கொடியில் கிடந்த என் சட்டையை அறைந்தது,
தெருமுனைக் குப்பைத்தொட்டியைத்
துறைமுகம் வரை நடத்திக்கொண்டு போனது.
ஹெலிகாப்டரோ ஃப்ரிட்ஜின் மேல்
பயிற்சிக் குச்சிகளின் நுனியில் நான்கு ஆரஞ்சுப் பந்துகளோடு
கால் பரப்பி உட்கார்ந்திருந்தது,
கிளம்பும் நாள் சொல்லாத விருந்தாளி.

டிசம்பர். காலை நாலரை. இங்கே அதற்குள் வெளிச்சம்.
என்னை எழுப்பியது சத்தம் அல்ல,
சத்தம் நின்றது.

சரளைக்கல் கால்பந்துத் திடல்.
முடுக்கினேன்.
தரையை விட்டு எழுமுன்னே
தட்டாமாலை சுற்றியது.
அணைத்துவிட்டு நெடுநேரம் அதையே பார்த்தேன்.
கைரோவைத் தலைகீழாக அமைத்திருக்கிறேன்.
வால் நழுவும்போது பிடித்து நிறுத்த வேண்டியது
போ, இன்னும் போ என்று தள்ளியிருக்கிறது.
கடுகளவு விசை.
நகத்தால் நகர்த்தினேன்.

இரவு ஷிஃப்ட் முடிந்து
வெள்ளை ரப்பர் பூட்ஸோடு வந்த இவானியா பர்ரீயா
வேலியோரம் நின்றாள்.
"யெர்கோ, ஆள் ஏறலாமா?"
"நண்டு ஏறலாம்."
"உயிரோடா?"

இரண்டாம் முறை.
இறக்கைகள் கரைந்து ஒரு தட்டாயின.
தூசி நாலாபக்கமும் விலகி ஓடியது.
ஒரு சாண்.
ஒரு முழம்.
மிதந்தது என்று சொல்ல மாட்டேன்.
ஒவ்வொரு நொடியும்
வேறு வேறு பக்கமாய் விழுந்துகொண்டிருந்தது,
ஒரு பக்கமும் விழுந்து முடிக்கவில்லை.

அப்புறம் மெல்லத் திரும்பி
என் முகத்தைப் பார்த்தது.
அது உன்னை நோக்கினால் உன் இடம் அதன் வலம்.
படித்ததுதான். படித்தது தலை,
விரலுக்கு யார் சொல்வது?
என் இடப்பக்கம் சரிந்தது; வலம் தள்ளினேன்;
இன்னும் வேகமாய் இடமே போனது
இவானியா நின்ற பக்கம்.
அவள் கோல்கம்பத்துக்குப் பின்னால் பாய்ந்தாள்.

விழுகிற பக்கமே விரலைச் சாய்த்தேன்.
எல்லா எலும்பும் தப்பு என்றது.
நின்றது.

அதற்குள் கோல்வலை உப்பத் தொடங்கியிருந்தது.
இறக்கினேன்; போட்டேன் என்பதே சரி.
ஒரு பந்து உடைந்து உருண்டது.
இவானியா அதை வெள்ளை பூட்ஸால் உதைத்தாள்,
கோல் விழவில்லை,
காற்று அதை நீரிணைப் பக்கம் கொண்டுபோனது.

நாற்பது நொடி.
சட்டைக்குள் வைத்த பேட்டரி
வீடு வரை சூடாக இருந்தது.

எவ்வளவு உயரம் போச்சு, என்றாள் மிரேயா.
மேசை விளிம்பில் கையை வைத்துக் காட்டினேன்.
அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.
கொஞ்சம் கீழே இறக்கினேன் கையை.