எட்டு நொடி

முட்டத்துத் திருவிழாவின் ஒன்பதாம் இரவு.
கடற்காற்று லென்ஸில் உப்புப் பூசிக்கொண்டே இருந்தது,
துப்பட்டாவால் துடைத்துக்கொண்டே இருந்தேன்.
ட்ரைபாடின் ஒரு கால் மணலில் இறங்கியது.
அதன் கீழ் என் இடது செருப்பு.
அடுத்த காலுக்கு வலது.
மூன்றாம் காலுக்கு
டெல்லி அப்பளக்காரர் ஒரு ஓட்டுத்துண்டு தந்தார்.

எட்டு நொடி ஷட்டரைத் திறந்து வைத்தால்
ராட்டினத்தில் ஆள் இருக்காது.
பெட்டி இருக்காது, கம்பி இருக்காது,
பச்சையில் ஒரு வட்டம், சிவப்பில் ஒரு வட்டம் மட்டும்.
கொலம்பஸ் கப்பல் ஒரு வெள்ளரிக்கீற்று.
பிரேக் டான்ஸ், வங்கியில் திருப்பி அனுப்பிய கையெழுத்து.

அசையாதவர்தான் படத்தில் தங்குவார்.
அத்தனை கூட்டத்தில் அப்படி மூன்று பேர்:
உட்கார்ந்தே தூங்கிவிட்ட பலூன்காரர்,
போனில் எதையோ கேட்டு நின்றுவிட்ட ஒரு பெண்,
ராட்டினத்தின் அடியில்
நெம்புகோலைப் பிடித்தபடி ஊர்க்காவலன்.

முதுகுளத்தூர்ப் பக்கம். பெயர்தான் அப்படி,
ஊரில் அவன் இருப்பது
ஓட்டுப் போடுகிற அன்று.

"அக்கா, ராட்டினத்தோட என்னைய ஒண்ணு.
ஆத்தாவுக்கு அனுப்பணும்."
"எட்டு எண்ணுத வரை அசையப்பிடாது, கேட்டியா?"

ஆதாருக்கு நிற்கிற முகத்தோடு நின்றான்.
நாலில், மேலே ஒரு பிள்ளை வாந்தி எடுத்தது.
அசையவில்லை.
ஆறில், கலங்கரை விளக்கின் வெளிச்சம்
எங்கள் எல்லாரையும் தடவிவிட்டுக் கடலுக்குப் போனது.
அசையவில்லை.

விழுந்தது படம்.
இருட்டில் அவன் முகம், அதைச் சுற்றி
பச்சை, சிவப்பு, நீலம்.
இந்த வருஷத்தின் நல்ல படம் இதுதான் என்று
எனக்குள் ஒருத்தி துள்ளினாள்.

கிட்ட வைத்துப் பார்த்தான்.
எட்ட வைத்தும் பார்த்தான்.
"அக்கா, செத்தவன் படமாட்டம்ல இருக்கு.
வீட்டுல அப்பா படத்தைச் சுத்தி
இப்படித்தான் லைட்டு ஓடும்.
ஆத்தா பயந்துரும்."

திங்கள்நகரில் என் ஸ்டுடியோ.
புயல் வந்துபோன அந்த டிசம்பரில்
ரேஷன் அட்டையிலிருந்தும்
யாருடையவோ கல்யாண ஆல்பத்தின் பின்வரிசையிலிருந்தும்
முகங்களை வெட்டியெடுத்துப் பெரிதாக்கியவள் நான்.
ஓரத்தில் வெளிச்சம் ஓடுகிற சட்டம்தான் எல்லாரும் கேட்டார்கள்.
பிளக்கில் செருகி, ஓடுகிறதா என்று பார்த்துத்தான் கொடுப்பேன்.
ஒருத்தி மட்டும் ஒரு வாரத்தில் திருப்பிக் கொண்டுவந்தாள்,
"நின்னுபோச்சு" என்று.
வயரை ஒட்டிக் கொடுத்தேன்.
காசு வாங்கினேனா,
இன்றுவரை ஞாபகம் வரவில்லை.

"அழிச்சிருங்கக்கா."
அழிக்கவா என்று கேமரா கேட்டது.
ஆம்.
நிச்சயமா என்று மறுபடியும் கேட்டது.
அதற்கும் விரல்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

"ராட்டினத்த நிப்பாட்டு. கத்துதவங்க கத்தட்டும்."
உச்சிப் பெட்டியில் மாட்டிக்கொண்ட இரண்டு பெண்பிள்ளைகள்
மாதாவையும் அவனையும் சேர்த்துக் கூப்பிட்டார்கள்.
கல்யாண வீட்டு ஃபிளாஷைப் போட்டேன்,
ராத்திரிப் படத்துக்கு ஆகாத ஃபிளாஷ்.
எல்லாம் தெரிந்தது:
எரியாத பல்புகள் ஏழு, துரு,
டீசல் கேன், ஆளுக்கு நாற்பது ரூபாய்,
அவனுடைய வெறுங்கால்.
பெட்டியை ஆட்டாதே என்று அண்ணாந்து கத்தியதில்
பாதி முகம் கலங்கிப்போயிருந்தது.

"பல்லு தெரியுதா?"
"தெரியுது."
"அப்பச் சரி."

அவன் செல்லுக்கு மாற்றிக் கொடுத்தேன்.
ஊரே அந்நேரம்
கடலுக்கு அந்தப்பக்கம் வேலை பார்க்கிறவர்களுக்கு
வீடியோவில் திருவிழா காட்டிக்கொண்டிருந்தது.
டவர் இல்லை.
படத்தின் மேல் ஒரு சின்ன வட்டம்
சுற்றிக்கொண்டே இருந்தது.

செல்லைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு
நெம்புகோலைத் தள்ளினான்.
நான் செருப்பைத் தேடினேன்.