ஒன்றரை மீட்டர்

லியேபாயாவின் சனிக்கிழமைச் சந்தை.
பன்னிரண்டு யூரோ என்றவன்
காற்றில் பறந்த தார்ப்பாயைத் துரத்திப் பிடித்துவந்து
பத்துக்கே தந்தான்.
கேமராவோடு ஒரு கையேடு. அதற்குக் காசில்லை.

சோர்க்கி என்று நெற்றியில் எழுதியிருக்கிறது.
கூர்ந்து பார்ப்பவன் என்று பொருள்.
எனக்கோ இரண்டு கண்ணாடி,
படிக்க ஒன்று, பார்க்க ஒன்று.

கையேடு ருஷ்ய மொழியில்.
பள்ளியில் எட்டு வருடம் படித்து,
இனிப் பேசுவதில்லை என்று
முப்பது வருடமாய் வாயைக் கட்டி வைத்திருந்த மொழி.
அடுக்களை மேசையில் விரித்ததும்
வரிசையில் வந்து நிற்கின்றன ஏவல் வினைகள்:
திற. இழு. சுற்று. தொடாதே.
எல்லாமே புரிகிறது.
அதுதான் எரிச்சல்.

ஷட்டரை ஏற்றாமல் வேகத்தை மாற்றாதே
என்கிறது ஒன்பதாம் பக்கம்.
ஏன் என்று சொல்லவில்லை.
எல்விரா பெத்ரோவ்னா டீச்சரும்
எதற்கும் ஏன் என்று சொன்னதில்லை.

ஃபிலிமின் நாக்கைப் பத்து சென்டிமீட்டர் நீளத்துக்கு
ஒல்லியாக வெட்டச் சொன்னது. வெட்டினேன்,
மீன் துடுப்பு நறுக்கும் கத்தரிக்கோலால்.
மத்தி டப்பாவின் மூடியைத் தட்டிப் பார்த்து
உள்ளே காற்று புகுந்ததா இல்லையா என்று சொல்வது
பத்தொன்பது வருடமாய் என் வேலை.
ஷட்டரையும் காதில் வைத்துத் தட்டினேன்.
சத்தம் சுத்தம்.

முதல் சுருள்:
வடக்கு அலைதடுப்பு, டிராம், கீழ்வீட்டு நாய்,
மறுபடியும் நாய்.
கழுவி வந்தவை முப்பத்தாறு கஞ்சி.
கடல் எது, நாய் எது?
கடைக்காரப் பெண் பாதிப் பணம் போதும் என்றாள்.
முழுவதும் கொடுத்தேன், வீம்புக்கு.

பக்கங்களை எண்ணிப் பார்த்தது அன்றிரவுதான்.
பத்துக்குப் பிறகு பதிமூன்று.
நடுவில் ஒரு தாள் பழைய ஜாமில் ஒட்டிக்கிடந்தது.
கெட்டிலின் ஆவியில் காட்டிப் பிரித்தேன்.
படமெடுக்கும் முன் லென்ஸை வெளியே இழுத்து
வலப்பக்கம் திருப்பிப் பூட்டுக.
வியங்கோள். இங்கே மட்டும் மரியாதை.

அதன் ஓரத்தில் பென்சில்,
பொடி எழுத்து, யாருடையதோ:

ல்யூஸ்யா, ஜன்னல். துளை 4. ஒன்றரை மீட்டர்.
ல்யூஸ்யா. அதே. ஒன்றரை.
சாஷாவின் மோட்டார் சைக்கிள். 8. மூன்று.
ல்யூஸ்யா, துளை 4, ஒன்றரை. அசைந்துவிட்டாள்.

துறைமுகத்தில் இருந்த படையாளாக இருக்கலாம்.
அவன் இங்கே இருந்ததற்கு
என்னிடம் மன்னிப்பு ஏதும் மிச்சமில்லை.
ஆனாலும் கெட்டில் கொதித்துக்கொண்டே இருந்தது,
நான் அந்த ஒரு சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
அந்த மொழியில் எவரும் இதுவரை என்னிடம்
இவ்வளவு மெதுவாக ஓர் இறந்தகாலத்தைச் சொன்னதில்லை.
அசைந்துவிட்டாள்.

திங்கட்கிழமை, சரக்குக் கதவருகே
டாக்னிஸ், ஃபோர்க்லிஃப்டை நிறுத்திவிட்டுப்
புகைத்துக்கொண்டிருந்தான்.
தூரத்தை ஒன்றரையில் வைத்தேன். அதைத் தொடவில்லை.
மஞ்சள் கட்டத்துக்குள் இரண்டு டாக்னிஸ்,
ஒருவன் ஆள், ஒருவன் ஆவி.
நானே நடந்தேன். ஓரடி. இன்னும் ஓரடி.
ஆவி ஆளுக்குள் நுழைந்த இடத்தில்
அவன் சட்டையின் மீன் எண்ணெய் வாசம் வந்தது.
ஒன்றரை மீட்டர் இவ்வளவு கிட்டவா?

எவ்வளவு நேரம் அசையாமல் நிற்கணும், வெல்கா?
ஒரு நொடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு.
ஒரு மாத்திரைகூட இல்லை.
அவ்வளவு கொஞ்சமா, என்று
சிரிக்கத் தொடங்கினான்.
அப்போதுதான் அழுத்தினேன்.

பென்சில் தேடி, அந்த வரிசைக்குக் கீழே
எங்கள் மொழியில் எழுதினேன்:
டாக்னிஸ், கதவு. 4. ஒன்றரை.
மீதியைக் கழுவிப் பார்த்துத்தான் எழுத வேண்டும்.
இன்னும் முப்பத்தைந்து பாக்கியிருக்கிறது.
லென்ஸை இழுத்துப் பூட்டியிருந்தேன்,
இரண்டு முறை பார்த்தேன்.