எதிர் விளிம்பு

மறை முப்பத்திநான்கு.
இரவு காரைச் செருகியில் மாட்ட மறந்த ரெனாட்டோ
இன்று வர வழியில்லை என்று செய்தி அனுப்பியிருந்தான்.
அறுபத்தைந்து அங்குலத்தை ஒற்றையாய்த் தூக்க
என் இரண்டு கை போதாது.

குலவீரசிங்கம் என்று பெயர் சொன்னார்.
மில்வுட்ஸில் ஐந்து தெரு தள்ளி வீடு.
தொலைக்காட்சியைப் போர்வையில் சுற்றி
என் பேஸ்மென்டுக்கு இறக்கிவிட்டு
"பேசுது, முகம்தான் காட்டுதில்லை" என்றார்.

விளக்கை அணைத்தேன்.
டோர்ச்சைத் திரையோடு சாய்த்துப் பிடித்தேன்.
கறுப்புக்குள்ளே, தட்டளவு வெளிச்சத்தில்,
ஒருத்தி எட்மண்டனின் காலநிலை சொல்லிக்கொண்டிருந்தாள்.
பாருங்கோ, படம் இருக்கு.
பின்னாலை இருக்கிற விளக்குத்தான் செத்துப்போச்சு.

அவர் அந்த வட்டத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.
"இவ்வளவு நாளும் உள்ளுக்குள்ளை
ஓடிக்கொண்டா இருந்தது?"

விளக்கை மாற்றக் கண்ணாடியைக் கழற்றவேண்டும்.
அப்பளத் தடிப்பு.
அப்பளத்துக்காவது நொறுங்கும் சத்தம் உண்டு.
போன தை மாதம் நான் உடைத்ததற்குச் சத்தமே இல்லை;
மூலையில் ஒரு மயிரிழை,
மின்சாரம் கொடுத்த பிறகு
சட்டைப்பையில் பேனா கசிந்ததுபோல் கறுப்பு பரவியது.
தொள்ளாயிரத்து நாற்பது டொலர்.
இதை அவருக்குச் சொல்லவில்லை.

மறுபக்கம் பிடிக்கிறீங்களா என்று கேட்டேன்.

மணிக்கூட்டைக் கழற்றுங்கோ.
பெல்ட்டையும். கொளுக்கி கீறும்.
மோதிரம்?
அதும்தான்.

மூட்டில் இறுகி நின்றது.
சவர்க்காரம் கொடுத்தேன்.
சிங்க்கில் தண்ணீர் நெடுநேரம் ஓடியது.
வந்து, திருகாணித் தட்டில் அதைப் போட்டார்.
விரலில் வெயில் காணாத ஒரு வளையம்.

கேத்தில் கொதித்துக்கொண்டிருந்தது, தேநீருக்கல்ல;
இந்த ஊர்க் குளிர்காலக் காற்று
தொட்டதையெல்லாம் சுடும்.
முதலில் அந்தக் குழாயைத் தொடுங்கோ என்றேன்.
தொட்டார். சட்டென்று ஒரு பொறி.
இது உங்களிலையிருந்து வந்தது,
கண்ணாடிக்குப் போகாமல் போச்சு.

நடுவிலை அமத்தாதேங்கோ.
முறுக்காதேங்கோ.
கீழே தொங்குற நாடாக்களைப் பாராதேங்கோ,
அதுகளை நான் பார்க்கிறன்.
மூச்சை அடக்காதேங்கோ,
மூச்சடக்கினவன் அவசரப்படுவான்.
நான் நில் என்றால் நில்லுங்கோ,
ஏனென்று பிறகு கேக்கலாம்.

தூக்கினோம்.
ஒன்றரை மீற்றர் கறுப்பு, எங்களுக்கு நடுவில் படுக்கையாய்.
கூரையின் டியூப்லைட் அதில் விழுந்து நடுங்கியது.
அவர் கைதான் என்று நினைத்தேன்.
நில் என்றேன்.
நின்றார்.
அவர் நின்ற பிறகும் நடுங்கியது.

ஒன்றும் சொல்லாமல் நின்றோம்.
கேத்தில் தானே அணைந்தது.
பிறகு, என்னைவிட மெதுவாக, அவர்தான்
"இப்ப இறக்குவமா?" என்றார்.

மெத்தைமேல் சாய்த்தோம்.
எட்டுப் பட்டிகள், பட்டிக்கு ஆறு விளக்கு,
எரிந்தது ஒன்றே ஒன்று; எட்டையும் மாற்றினேன்.
ஒன்று போனால் மற்றதும் போகும் என்றேன்.
அவர் சிரித்த மாதிரி இருந்தது.

திரும்பத் தூக்கும்போது
எண்ணவே வேண்டியிருக்கவில்லை.

காலநிலைக்காரி முழு வெளிச்சத்தில் வந்தாள்.
நீலச் சட்டை போட்டிருந்தாள், முதல் தெரியவில்லை.
இன்னும் மறை முப்பத்திநான்குதான்.

அவர் போய் ஒரு மணித்தியாலம் கழித்துத்தான் கண்டேன்.
காந்தத் தட்டில் திருகாணிகளெல்லாம் ஒட்டிக் கிடக்க
பொன் மட்டும் ஒட்டாமல்
தட்டைச் சரித்த பக்கமெல்லாம் உருண்டது.

அழைத்தேன்.
"கிடக்கட்டும், வியாழக்கிழமை வாறன்."
பின்னால் தொலைக்காட்சி சத்தமாய் ஓடியது.
வேறு சத்தம் இல்லை.

வியாழன் இரண்டு போயிற்று.
ஸ்பொஞ்சில் சுற்றி வைத்திருக்கிறேன்,
அமத்தாமல்.

யாருடையது என்று ரெனாட்டோ கேட்டான்.
நீ வராத அன்று
எதிர் விளிம்பைப் பிடித்தவருடையது என்றேன்.
அவன் காரைச் செருகியில் மாட்டப் போனான்.