ஒன்பதாம் கூண்டு

வெஸ்ட்மன்னா நீரிணையில் கட்டிக் கிடக்கும் தீவனப் படகில்
கம்பைலரை மாற்றிய செவ்வாய்க்கிழமையிலிருந்து
விடிகாலை மூன்று நாற்பதுக்கு
எல்லாம் நின்றுபோகிறது.
பம்புகள் பெருமூச்சு விட்டு அடங்க,
வட்ட வலைகளுக்குள் சால்மன்கள்
வராத தீவன மழைக்கு வாய் திறந்து சுற்றுகின்றன.

நிரலில் ஓர் எழுத்தைக்கூட நாங்கள் தொடவில்லை.

பார்துர் பேட்டரியைச் சந்தேகித்தான்,
பிறகு குளிரை,
பிறகு கேபிளைக் கடிக்கும் ஏதோ ஒரு கடல்நாயை.
மெமரியை மாற்றினோம். மறுநாளும் மூன்று நாற்பது.
காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்திருக்கும் என்றேன்.
நான்கு இரவும் அதே கிளையிலா, என்றாள் சுன்வா.

கண்காணிக்கத் தோதாகச் சோதனை முறையில் தொகுத்தாலோ
ஒரு வாரம் பிசகாமல் ஓடுகிறது,
வாத்தியார் பார்க்கும்வரை வாய்ப்பாடு சொல்லும் பையன்போல.
கண்ணை எடுத்தோம்:
மூன்று நாற்பது.

காபி ஆறிப்போன ஓர் இரவில்
பழைய கம்பைலர் ஈன்றதையும் புதியது ஈன்றதையும்
அருகருகே வைத்து
இயந்திர மொழியில் விரலால் தடவிக்கொண்டே இறங்கினாள் சுன்வா.
'இங்கே ஒரு கேள்வி இருந்தது.
இப்போது இல்லை.'

கூண்டு இருக்கிறதா?
அவ்வளவுதான் அந்தக் கேள்வி.
அதற்கு ஒரு வரி முன்னாலேயே
கூண்டின் எடையை நாங்கள் வாசித்துவிட்டிருந்தோம்.
புதிய கம்பைலர் யோசித்திருக்கிறது:
தொட்டுவிட்டார்கள். ஆகவே இருக்கிறது.
இருப்பதை இருக்கிறதா என்று கேட்பானேன்?
அழித்துவிட்டது.
சட்டப்படி சரி.

ஒன்பதாம் கூண்டைப் போன ஜனவரிப் புயல் கொண்டுபோயிற்று.
பட்டியலில் மட்டும் அது மிதக்கிறது;
இரவுச் சுற்று மட்டும் அதைப் பேர்சொல்லிக் கூப்பிடுகிறது.
பழைய கம்பைலர் பூஜ்யத்தைத் தொட்டு,
அங்கே கிடந்த குப்பையை எடை என்று வாசித்து,
அப்புறம் கேட்டு,
பேசாமல் திரும்பியிருக்கிறது, இரவுக்கு இரவு.
எங்கள் மானத்தை யாருக்குச் சொல்லாமல் காத்ததோ,
முதலில் எங்களுக்கே சொல்லவில்லை.

இரண்டு வாரம் அம்பைத் திட்டியாயிற்று.
எய்தவன் யாரென்று மாற்றங்களின் வரலாற்றைப் புரட்டினேன்.
பதினொரு வருடத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, மாலை ஐந்தேகால்,
'சிறு திருத்தம்' என்ற குறிப்பு,
என் பெயர்.

சுன்வா ஒன்றும் சொல்லவில்லை.
இரண்டு வரிகளை இடம் மாற்றினாள்.

மூன்று நாற்பத்தொன்று.
குழாய்களில் தீவனம் கலகலவென்று ஓடிக்கொண்டிருக்க,
பார்துர் தூங்கியிருந்தான்,
கடல்நாய்க்கென வாங்கிய வலையைச் சுருட்டித்
தலைக்கு வைத்துக்கொண்டு.